கை தூக்கச் சொன்னவர்

சாவு வீட்டுக்குப் போனால் எல்லாரும் பிணத்தைப் பார்ப்பார்கள். அவர் அழுகிறவர்களைப் பார்ப்பார்.

பீடோங்கைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் எந்த லயத்து வரிசை வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். மூங்கில் வெட்ட ஒருவனை, மேளத்துக்குச் சொல்ல ஒருவனை, குழி தோண்ட ஒருவனை என்று ஏவிவிட்டு, கறுப்புக் குடையை ஊன்றிக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவார். எவள் மண்ணில் புரள்கிறாள், எவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் இருப்பவளிடம் ஊர்க்கதை பேசுகிறாள், புக்கிட் செலம்பாவிலிருந்து வந்த கூட்டம் எவ்வளவு, அது காடு வரைக்கும் நிற்குமா, சோறு ஆனதும் கிளம்புமா, எல்லாம் அந்தக் கண்ணுக்குள் போய்விடும். அவருடைய மனைவி செத்தபோதும் அப்படித்தான் குடையோடு பின்னால் நின்றாராம். அது நான் கல்யாணமாகி இந்தப் பக்கம் வருவதற்கு முந்தைய கதை. அவருக்குப் பிள்ளை குட்டி கிடையாது.

அவர் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அவருக்கு நானே கல் நட்டு வைத்ததுபோல் ஆகிவிடும். எல்லாருக்கும் அவர் செகரட்டரி. பீடோங் கடைத்தெருவில் ஒரு சீனர் கடையின் முன்னால், அஞ்சடி நடைபாதையில், தையல் மெஷின் போட்டிருந்தார். கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். குரல் உயர்த்திப் பேச மாட்டார். யாரையும் வாடா போடா என்று வைய மாட்டார். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார், கடைசி வரைக்கும்.

எங்கள் சங்கம் சின்னச் சங்கம். செத்தவர்களை எடுக்கத்தான் தொடங்கினார்கள். சந்தா கட்டியவன் செத்தால் பாடை, மேளம், மண்ணெண்ணெய், பால் ஊற்றும் செலவு எல்லாம் சங்கத்துடையது. பிறகு கள்ளுக்கடை மறியல், கோயில் வழக்கு என்று வளர்ந்து கட்சி மாதிரி ஆகிவிட்டது. ஊரில் பெரிய கட்சிகள் இரண்டு இருந்தன. கடைக்காரர்கள் ஒரு பக்கம், தோட்டத்தில் வேலை வாங்கும் தண்டல்மார் ஒரு பக்கம். இந்த இரண்டுக்கும் நடுவில் கையளவு ஆட்களை வைத்துக்கொண்டு இவர் எப்படிப் பிழைத்தார் என்றால், இரண்டு பக்கமும் போய்க் காப்பி குடிப்பார். அவருடைய அரசியல் முழுவதும் ஒரு வாக்கியத்தில் அடங்கும். என்னிடமே சொல்லியிருக்கிறார்.

"சின்ன சங்கம் ஜெயிக்க வேணாம் தங்கச்சி. பெரிய ஆளுங்க ரெண்டு பேருக்கும் எப்பவும் ஒரு ஆளு கொறையிற மாதிரி பாத்துக்கணும். அந்த ஒரு ஆளு நம்ம ஆளா இருக்கணும். அம்புட்டுதான் லா."

நான் கோலா கெத்திலிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த வருஷம் கோயில் கமிட்டிக்குத் தேர்தல் நடந்தது. எங்கள் சங்கத்துக்கு ஒரே ஒரு இடத்தில் ஆள் நிறுத்த வாய்ப்பு. படித்தவன், பாடுகிறவன், மேடையில் கைதட்டல் வாங்குகிறவன் எல்லாரும் வேட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டு அஞ்சடியில் காத்துக் கிடந்தார்கள். அவர் மெஷினை விட்டு எழுந்திருக்காமல் ஒவ்வொருவனையும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"நீ செத்தா யாருய்யா அழுவா?"

கடைசியில் மாட்டுக்கார மாணிக்கத்தை நிறுத்தினார். மாணிக்கத்துக்கு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது. சாணி நாற்றம் எதிர்க்காற்றிலும் வீசும். ஆனால் பீடோங்கிலிருந்து புக்கிட் செலம்பாவ் வரைக்கும் எந்தத் தோட்டத்தில் நுழைந்தாலும் அங்கே வாழ்க்கைப்பட்ட அக்காவோ தங்கையோ ஒருத்தி இருப்பாள். அந்தக் குடும்பத்தில் ஒரு பூனை செத்தாலும் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்து அழுகிற இனம். தேர்தலன்று அவ்வளவு பேரும் வந்து கை தூக்கினார்கள். மாணிக்கம் ஜெயித்தான். முதல் கூட்டத்திலேயே என்னவோ சொல்ல எழுந்தவனைச் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"ஒன்ன பேசறதுக்கா நிறுத்துனேன். ஒக்காரு."

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். என் புருஷன் வீரையா லயத்து வாசலில் அதை நடித்துக் காட்டுவான். மாணிக்கமாக எழுந்திருப்பான், செகரட்டரியாக உட்கார வைப்பான். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். அந்தக் கேள்வி ஒருநாள் எங்கள் வாசலுக்கே வரும் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை சொல்லாமல் கொள்ளாமல் ஓடினான். பால்மரம் சீவ வேண்டாம் என்று ஆனது, சம்பளமும் இல்லை என்று ஆனது. அரிசி போய் மரவள்ளி வந்தது. பிறகு உப்பும் போனது. உப்பில்லாத மரவள்ளிக் கிழங்கைத் தின்றவர்களுக்குத்தான் அந்தக் காலம் என்னவென்று தெரியும். மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியாது.

அப்போதுதான் சுங்கை பட்டாணியில் பெரிய சங்கம் ஒன்று தலையெடுத்தது. ஜப்பான்காரன் ஆதரவில் நடந்தது. அதில் சேராத சங்கம் எதுவும் இருக்கக் கூடாது என்று உத்தரவு. சின்னச் சங்கங்கள் எல்லாம் பயந்துபோய்ப் பலகையைக் கழற்றி அடுப்பில் வைத்தார்கள். எங்கள் செகரட்டரி மட்டும் டயருக்குப் பதில் கயிறு சுற்றிய சைக்கிளை மிதித்துக்கொண்டு சுங்கை பட்டாணிக்குப் போனார். போய் என்ன பேசினாரோ, திரும்பி வரும்போது பெரிய சங்கத்துக் கமிட்டியில் எங்களுக்கு ஒரு நாற்காலி, எங்கள் தோட்டங்களுக்கு உப்பு, இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்தார். அந்த உப்பை நாக்கில் வைத்தபோது நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். ஏன் பொய் சொல்ல வேண்டும், அன்றைக்கு அவர் எங்களுக்குச் சாமி.

அந்த நாற்காலிக்கு அவர் என்ன கொடுப்பதாக ஒப்புக்கொண்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஜப்பான்காரன் ஆள் கேட்கும்போதெல்லாம் எங்கள் தோட்டங்களிலிருந்து சங்கமே ஆள் பொறுக்கிக் கொடுக்கும்.

சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள் என்றார்கள். சீக்கிரம் முடிந்துவிடும், அரிசிச் சோறு உண்டு என்றார்கள். மற்றத் தோட்டங்களில் ஜப்பான்காரன் லோரியைக் கொண்டுவந்து கண்ணில் பட்டவனை அள்ளிப்போட்டுக்கொண்டு போனான். கல்யாண வீட்டிலிருந்து மாப்பிள்ளையைத் தூக்கிய கதையெல்லாம் உண்டு. எங்கள் தோட்டத்தில் அப்படி நடக்கவில்லை. செகரட்டரி பெரட்டுக் களத்தில் கூட்டம் போட்டார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் அந்த இடத்தில், ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்று, மெதுவாகத்தான் பேசினார்.

"நம்ம ஆள நாமளே எடுப்போம். எல்லாரும் சேந்து எடுத்ததா இருக்கணும், பின்னால என் தலையில கட்டக் கூடாது. ஒவ்வொருத்தர் பேரா சொல்றேன். இவன் இல்லேன்னா நான் அழுவேன்னு சொல்றவங்க கை தூக்குங்க. கை இருக்கிற ஆளு இங்க இருப்பான். கை இல்லாத ஆளு போவான்."

கேட்டபோது நியாயமாகத்தான் தோன்றியது. நன்றாக யோசித்துத்தான் அப்படிக் கேட்டிருக்கிறார் பாவி.

மாணிக்கம் பேரைச் சொன்னதும் களத்தில் பாதிக் கை மேலே போனது. அவனுடைய அக்கா ஒருத்தி இரண்டு கையையும் தூக்கினாள். அடுத்தடுத்த பேருக்குத் தாய்மார்கள் தூக்கினார்கள். பெற்றவள் வாயால் சொன்னால் பலிக்காது என்று எங்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. அக்கா தங்கைகள் தூக்கினார்கள். அத்தைமார் தூக்கினார்கள். ஒரு பெண்டாட்டியும் தூக்கவில்லை. கழுத்தில் தாலியோடு நிற்கிறவள், கண்ணெதிரே கல்லுமாதிரி நிற்கும் புருஷனுக்கு, நான் அழுவேன் என்று சபை நடுவில் கை தூக்குவாளா? அது அவன் சாவை வாயால் கூப்பிடுவது இல்லையா? அம்மாவும் அக்காவும் உள்ளவன் தப்பித்தான். பெண்டாட்டி மட்டும் உள்ளவன் மாட்டினான்.

வீரையாவின் அப்பாவும் அம்மாவும் கப்பலில் வந்து இறங்கிய சில வருஷத்திலேயே காய்ச்சலில் போனவர்கள். கூடப் பிறந்தவர்கள் கிடையாது. என் சனம் முழுவதும் கோலா கெத்திலில். இங்கே அவனுக்கு நான் ஒருத்தி.

"வீரையா."

என் கை தாலியைப் பிடித்துக்கொண்டது. பிடித்த கை மேலே எழும்பவில்லை.

"வீரையாவுக்கு யாரும் இல்லியா?"

கூட்டத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார். பிறகு அடுத்த பேருக்குப் போய்விட்டார்.

கூட்டம் கலைந்ததும் பீடோங்குக்கு ஓடினேன். மெஷினில் உட்கார்ந்து சாக்குத் துணியைத் தைத்துக்கொண்டிருந்தார். துணி என்பதே ஊரில் இல்லாத காலம்.

"நான் அழுவேண்ணே. எழுதிக்குங்க. நான் ஒருத்தி போதாதா."

"கூட்டத்துல சொல்லணும் தங்கச்சி. கடையில வந்து சொன்னா ஆச்சா?"

"தாலி கட்டுன ஆளுக்கு எப்படிண்ணே சபையில சொல்லுவேன். ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

மெஷினை நிறுத்தினார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"தெரிஞ்சுதான் அப்படிக் கேட்டேன். பெண்டாட்டிங்களையும் கணக்குல சேத்தா ஒருத்தனையும் அனுப்ப முடியாது. அனுப்பலேன்னா லோரி வரும், இருக்கிறவன் எல்லாத்தையும் அள்ளும். நம்ம நாற்காலியும் போயிரும், உப்பும் போயிரும். மாணிக்கத்த அனுப்பிட்டு நான் இந்த ரோட்டுல நடக்க முடியுமா? சனம் என்னை சும்மா விடுமா? வீரையா போனா நீ ஒருத்தி அழுவே. கொஞ்ச நாள்ல நிறுத்திருவே."

"கோலா கெத்தில்ல எங்க அண்ணமாரு இருக்காங்க."

"இருக்கட்டும். அவங்க ஓட்டு அங்க."

சொல்லிவிட்டுத் தைத்துக்கொண்டிருந்த சட்டையை உதறி என் முன்னால் பிடித்தார். வீரையாவுக்குத்தான் தைத்திருக்கிறார். போகிற ஒவ்வொருவனுக்கும் சாக்குத் துணியில் ஒரு சட்டை, சங்கத்தின் சார்பில். தோள் அளவு சரியாக இருக்குமா என்று என்னைக் கேட்டார். அந்தச் சட்டையை அவர் முகத்தில் எறிந்துவிட்டு வந்திருக்க வேண்டும். வாங்கிக்கொண்டுதான் வந்தேன். வீரையாவுக்குப் போட்டுக்கொள்ள வேறு சட்டை இல்லை.

காட்டுக்குள் ஓடிவிடு என்று சொன்னேன். அவன் கேட்கவில்லை. சட்டையைப் போட்டு, கையைத் தூக்கி இறக்கிப் பார்த்தான்.

"என்னைய எவனும் எதுக்கும் எடுத்ததில்ல புள்ள. மொத தடவையா எடுத்திருக்காங்க. சிரிச்சுக்கிட்டே அனுப்பு லா."

சிரித்துக்கொண்டு அனுப்பினேன். லோரி வந்த அன்று லயமே திரண்டு அழுதது. கை தூக்காத பெண்டாட்டிகள் எல்லாரும் அன்று அழுதார்கள். நான் மட்டும் அழவில்லை. அவன் சிரிக்கச் சொல்லியிருந்தான். கூட்டத்துக்குப் பின்னால் கறுப்புக் குடையை ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார் அவர்.

போனவர்களைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. கடிதம் இல்லை, வாய்ச் சொல்லும் இல்லை. உப்பு மட்டும் தவறாமல் வந்தது.

மறு வருஷம் பெரிய சங்கத்துக் கமிட்டியில் ஒரு பெண்ணும் இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அங்கே இரண்டு கோஷ்டி. ஒரு கோஷ்டி ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் வீட்டு யாழ்ப்பாணத்து அம்மாவை நிறுத்தியது, இன்னொன்று ஒரு ஜவுளிக் கடைக்காரர் மனைவியை. இரண்டு பக்கத்துக்கும் ஆள் குறைந்தது. இவருக்குச் சொல்லவா வேண்டும். சைக்கிளை மிதித்துக்கொண்டு நேராக என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"தங்கச்சி, ஒன்ன நிறுத்தலாம்னு இருக்கேன்."

"எனக்கு யாருண்ணே அழுவா?"

கிண்டலாகத்தான் கேட்டேன். அவர் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை.

"யோசிச்சுட்டுதான் வந்தேன். போனவங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாத் தோட்டத்திலயும் இருக்காங்க. ஒன்ன மேடையில பாத்தா அவங்களுக்கு அவங்கவங்க ஆளு ஞாபகம் வரும். மாணிக்கத்தோட சனத்தைவிட இப்ப ஒனக்குத்தான் சனம் ஜாஸ்தி."

வீரையாவை அனுப்பி எனக்குச் சனத்தைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். அதை நல்ல சேதி மாதிரி, ஒரு துளி வெட்கம் இல்லாமல் சொல்கிறார். சரி என்று சொன்னேன். அவர் ஏறி நின்ற பெஞ்சில் நானும் ஒருநாள் ஏற வேண்டும் என்று அந்த நிமிஷம் தோன்றிவிட்டது.

கிளம்பும்போது திரும்பி நின்றார்.

"பேச வேணாம். வெறும நின்னா போதும். வெள்ள கட்டுன்னு நான் சொல்ல மாட்டேன், அது தப்பு. நெத்தியில பொட்டு மட்டும் கொஞ்சம் சின்னதா வச்சுக்க."

கூட்டத்தன்று காலணா அளவுக்குப் பெரிய பொட்டாக வைத்துக்கொண்டு போனேன். பார்த்துவிட்டு மேடையைக் காட்டினார். பெண்கள் எனக்குக் கை தூக்கினார்கள். சிலபேர் அழுதுகொண்டே தூக்கினார்கள். நான் ஜெயித்தேன். கழுத்தில் மாலையோடு நான் இறங்கியபோது அவர் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்க்க வேண்டும். ஒரு சட்டை அளவு சரியாக அமைந்துவிட்டால் அப்படித்தான் பார்ப்பார்.

அதற்குப் பிறகு கமிட்டியில் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்தோம். எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தார். எவனிடம் எப்போது சிரிக்க வேண்டும், எந்தத் தீர்மானத்துக்கு யார் வாயால் பேச வைக்க வேண்டும், எந்தக் கோஷ்டிக்கு எப்போது உடம்பு சரியில்லை என்று சொல்ல வேண்டும். நான் கற்றுக்கொண்டேன். நல்ல வாத்தியார்தான், அதில் குறை சொல்ல முடியாது.

ஜப்பான்காரன் மறுபடியும் ஆள் கேட்டான். முன்பு போனவர்கள் வழியில் தப்பி ஓடுகிறார்களாம், அதனால் இந்தத் தடவை ஒவ்வொரு சங்கத்திலிருந்தும் பொறுப்பான ஒருவர் அவர்களோடு போய்த் தங்க வேண்டும் என்றான். பெரட்டுக் களத்தில் அதே பெஞ்சு. இந்த முறை நானும் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றேன்.

அவர் மாணிக்கத்தின் பேரைச் சொன்னார். ஏன் என்று எனக்குப் புரிந்தது. முதலில் அந்தப் பேரைச் சொன்னால் களம் முழுவதும் கை எழும்பும், மாணிக்கத்தின் பேரே வந்துவிட்டதே என்று சனம் பயப்படும், பயத்தில் அடுத்து அவர் சொல்கிற பேருக்கு வாய் திறக்காது. மாணிக்கத்தின் அக்காமார் வழக்கம்போலத் தூக்கிவிட்டார்கள். அடுத்த பேருக்கு அவர் வாய் திறப்பதற்குள் நான் பெஞ்சில் ஏறிவிட்டேன்.

"இன்னொரு பேரு இருக்கு. கமிட்டி ஆளு நான், சொல்ல எனக்கும் உரிமை இருக்கு. நம்ம செகரட்டரி அண்ணன். இவரவிடப் பொறுப்பான ஆளு இங்க யாரு? இவரு இல்லேன்னா நான் அழுவேன்னு சொல்றவங்க கை தூக்குங்க."

ஒரு கையும் எழும்பவில்லை. அவர் பாடை கட்டாத வீடு அந்தக் களத்தில் இல்லை. அவர் உப்பு வாங்கிக் கொடுக்காத வாயும் இல்லை. மாணிக்கம் தரையைப் பார்த்தான். அவனுடைய அக்கா தூக்கிய கைகளை மெதுவாகக் கீழே போட்டாள்.

"யாரும் இல்லியா?" என்று கேட்டேன். அவரைப் பார்த்துத்தான் கேட்டேன்.

அவர் கூட்டத்தைப் பார்த்தார். கோபப்படவில்லை. முகம் முகமாக, வரிசை வரிசையாக, விடாமல் பார்த்துக்கொண்டு போனார். கடைசி வரிசையும் முடிந்ததும் என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார்.

"சரியாத்தான் எடுத்திருக்கே தங்கச்சி."

தனக்கும் ஒரு சாக்குச் சட்டை தைத்துக்கொண்டார். லோரி வந்த அன்று சட்டைப் பட்டனைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு வந்து, குடையை என்னிடம் நீட்டினார்.

"இது ஒங்கிட்ட இருக்கட்டும். சாவு வீட்டுக்கு வேணும்."

வாங்கிக்கொண்டேன். கூட்டத்துக்குப் பின்னால் போய்க் குடையை ஊன்றிக்கொண்டு நின்றேன். லோரியில் ஏறிய மற்றவர்களுக்கு அழுதார்கள். அவருக்கு அழுகிறவர் யாரும் உண்டா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இல்லை. லோரிக்குள் நின்றுகொண்டு அவரும் அதையேதான் பார்த்தார்.

சண்டை முடிந்து, காலெல்லாம் புண்ணாக, ஒரு சிலர் திரும்பினார்கள். அவர் ஆற்றோரக் கொட்டகையில் வாந்திபேதியில் செத்ததைப் பார்த்தேன் என்று அதில் ஒருவன் வந்து சொன்னான். சந்தா பாக்கி இல்லாத உறுப்பினர். சங்கத்து முறைப்படி மேளம் வைத்து, விளக்கேற்றி, பால் தெளித்தோம். அப்போது செகரட்டரி நான். அழுங்கள் என்று பெண்களிடம் நான் சொல்லவில்லை. அவர்களும் அழவில்லை.

திரும்பியவர்கள் எல்லாரிடமும் வீரையாவைப் பற்றி விசாரித்தேன். சாக்குச் சட்டை போட்டவன், நடித்துக் காட்டிச் சிரிக்க வைப்பான் என்று அடையாளம் சொன்னேன். பார்த்தோம் என்று ஒருவனும் சொல்லவில்லை. செத்தான் என்றும் சொல்லவில்லை. தாலியை நான் கழற்றவில்லை. பெரிய பொட்டுதான் வைக்கிறேன். சேதி வராமல் பெண்டாட்டி அழக்கூடாது. நான் இன்னும் அழவில்லை.